அன்னமேரி அக்கா வீட்டுக்கு இழுத்த ஒயர்

தங்கப் பின் வைத்த ஒயரின் படத்தைச் செல்போனில் வைத்துக்கொண்டு பிலோமின்ராஜ் அண்ணன் என் கடைக்கு வந்தபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் கோபம் வந்தது. எனக்கு எதற்கெடுத்தாலும் கோபம் வரும். விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் மைக் செட் கடை வைத்து, காதுகுத்துக்கும் கருமாதிக்கும் தேருக்கும் செட் போட்டுக் குப்பை கொட்டுகிறவனுக்குக் கோபம் வராமல் பின்னே என்ன வரும்? பின்னில் தங்கத்தைத் தடவிவிட்டால் சத்தம் தித்திக்குமா? எவனோ எங்கேயோ உட்கார்ந்துகொண்டு ஏமாந்தவன் தலையில் மிளகாய் அரைக்கிறான். இதைச் சொல்லலாம் என்றால் அண்ணனுக்குக் காது கேட்காது. போனைப் பிடுங்கி அணைத்துவிட்டு, வலது காதில் வாயை வைத்து, "எதுக்குண்ணே இது?" என்று கத்தினேன்.

வீட்டுக்காரிக்கு என்றார். மாதா கோயிலில் இருந்து வீட்டுக்கு ஒயர் இழுத்து, படுக்கையில் கிடக்கும் அன்னமேரி அக்காவின் தலையில் ஹெட்போன் மாட்டி, பூசையைக் கேட்க வைக்க வேண்டும். அதுதான் அவருக்கு வேண்டியது.

அண்ணனின் காது போனது பால் மில்லில். எங்கள் ஊர் செராமிக் தொழிற்பேட்டைக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். குடிக்கிற பால் இல்லை, ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உருளை. உள்ளே களிமண்ணையும் கூழாங்கல்லையும் தண்ணீரையும் கொட்டிச் சுற்றவிட்டால், கல்லோடு கல் மோதி மண்ணை மாவாக்கும். அந்த உருளைக்குப் பக்கத்தில் அண்ணன் தன் இளமை முழுவதையும் நின்று தீர்த்தார். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளும்படி மேஸ்திரி சொன்னாராம். பஞ்சு வைத்தால் யாராவது கூப்பிட்டால் எப்படிக் கேட்கும் என்று இவர் வைக்கவில்லையாம். இப்போது இடது காது சுத்தமாக இல்லை. வலது காதில் கத்தினால் பாதி ஏறும். மகள் அருள்ஜோதி பெங்களூரில் இருந்து காதுமெஷின் வாங்கி அனுப்பினாள். அது காதுக்குள் விசிலடிக்கிறது என்று கழற்றி பீரோவில் வைத்துவிட்டார். பேட்டையில் இவர் முன்னாலேயே, செவிடன் காதில் ஊதின சங்கு என்று கேலி பேசுவார்கள். என்ன சொன்னார்கள் என்றே தெரியாமல் அண்ணனும் சேர்ந்து சிரிப்பார். அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்னமேரி அக்காவை எனக்குப் பாட்டால் தெரியும். நான் வேற்று மதத்துக்காரன், மாதா கோயிலுக்குத் திருவிழாவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் செட் போட மட்டுமே போகிறவன். ஆனால் அந்த அக்கா பூசையில் வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடல் பாடும்போது மிக்சரில் எந்தத் திருகையும் தொட வேண்டியிருக்காது. குரலே அளவாக வரும். அண்ணன் எப்போதும் முதல் பெஞ்சில், பாடல் குழுவின் மைக்குக்கு நேர் எதிரே உட்கார்ந்திருப்பார். பாட்டுக் கேட்கத்தான் முன்னால் உட்காருகிறார் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை. கேட்பதெல்லாம் நின்று பல வருடம் ஆகிவிட்டது. அக்காவின் உதடு அசைவதைப் பார்க்க உட்கார்ந்திருக்கிறார். உதட்டைப் பார்த்தால் எந்த அடி என்று தெரியுமாம். கல்யாணமான புதிதில் கேட்டது உள்ளே இருக்கிறதாம், அதை வைத்துச் சமாளித்துக்கொள்வாராம். இதை அவர் என்னிடம் சொன்னது ஒரு டீக்கடையில். வடையைக் கடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். 

அக்கா கிறிஸ்துமஸுக்குப் பிறகு படுத்தது. வயிற்று வலி, வாந்தி. பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கேன்சர், கணையத்தில், முற்றிவிட்டது என்றார்கள். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், வலிக்கு மட்டும் மாத்திரை கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அக்காவிடம் குடல்புண் என்று சொல்லி வைத்திருந்தார்கள். மகளும் அப்பாவும் பேசி எடுத்த முடிவு. தெரிந்தால் அன்றைக்கே உடைந்துபோவாள், தெரியாமல் இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருப்பாள் என்பது அண்ணனின் கணக்கு. கடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"வூட்டுக்கு வந்தா வாயத் தொறந்துடாத கொளஞ்சி. ஈஸ்டர் பாஸ்காவுக்கு எழுந்திரிச்சு பாடுவேன்னு சொல்லிக்கிட்டு இருக்கா. அந்த நெனப்புலயே அவ இருக்கட்டும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அதைக் காதில் கத்திச் சொல்லவா முடியும்? தலையாட்டினேன்.

அவர் வீடு கோயில் மதிலுக்குப் பின்னால் இருக்கும் சந்தில். மதிலைத் தாண்டினால் வீடு. அவ்வளவு பக்கத்தில் இருக்கிறவளுக்குப் போனில் பூசை பார்க்கக் கொடுத்தார்கள், கோயிலில் இருந்து யூட்யூபில் விடுகிறார்களே, அது. அக்கா இரண்டு ஞாயிறு பார்த்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டது. காரணம் கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. கோயில் மணி சன்னல் வழியாக உடனே வந்துவிடும். போனில் அதே மணி அரை நிமிடம் கழித்து அடிக்கும். சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டி முடித்த பிறகு இவள் இங்கே கும்பிட வேண்டும். எல்லோரும் சொல்லி முடித்த பதிலை இவள் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். முடிந்துபோன பூசைக்கு நான் எதற்கு என்றதாம்.

அதனால் அண்ணனே ஒயர் இழுத்தார். பழைய ஸ்பீக்கர் ஒயர், சிவப்பும் கருப்பும் முறுக்கியது. கோயில் மிக்சரில் ஹெட்போன் மாட்டும் துளையில் ஒரு முனை, அக்கா தலையில் மறுமுனை. அதோடு விட்டாரா? செராமிக் ஊர்க்காரர் அல்லவா, ஒயர் என்றால் பீங்கான்மேல்தான் போக வேண்டும் என்று கம்பெனியில் கழித்துப்போட்ட இன்சுலேட்டர்களைக் கேட்டு வாங்கி வந்து, சுவர் நெடுக அடித்து, வீட்டுக்கு வரும் கரண்டு ஒயருக்குப் பக்கத்திலேயே வரிசையாகக் கட்டியிருக்கிறார். வேலை சுத்தம். பார்த்தால் மின்வாரியத்துக்காரனே மெச்சுவான். ஆனால் கரண்டு ஒயரை ஒட்டி இப்படி வெறும் ஒயரைக் கொண்டுபோனால் கரண்டின் உறுமல் முழுவதும் இதில் இறங்கிவிடும். அண்ணன் ஹெட்போனைத் தானே மாட்டிப் பார்த்திருக்கிறார். சுத்தமாக இருக்கிறது என்று முடிவு கட்டியிருக்கிறார். அவர் காதுக்கு எது கேட்டது?

கோயிலில் பாடல் குழு பாடிப் பழகும் நேரமாகப் பார்த்து நான் போய் அக்காவின் தலையில் இருந்த ஹெட்போனை வாங்கி மாட்டிப் பார்த்தேன். அடக் கடவுளே! காதுக்குள் ரைஸ் மில் ஓடியது. அதற்கு அடியில் எங்கேயோ பாட்டு மாதிரி ஏதோ ஒன்று, கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல. சொல் ஒன்றும் புரியவில்லை. நான் அண்ணன் பக்கம் திரும்பி வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தது. ஆள் பாதியாகி, கன்னம் ஒட்டி, கண் மட்டும் அப்படியே இருந்தது.

"சொல்லாதீங்க தம்பி. ஆசையா இழுத்துக் குடுத்துருக்காரு. ராகம் மட்டும் வருது, அது போதும். நல்லா கேக்குதுன்னு சொல்லிப்புட்டேன்."

அண்ணன் பக்கத்திலேயே நின்று எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் ஆளுக்கொரு பொய்யை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறார்களே என்று எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. தலைவலி வருகிறதா என்று கேட்டேன். வரும், சரியாகிவிடும் என்றது. பிறகு எதற்கு அண்ணன் புது ஒயர் தேடி வந்தார் என்றால், பூசை முடிந்து ஹெட்போனைக் கழற்றும்போது அக்கா நெற்றியைத் தேய்த்துக்கொள்வதைப் பார்த்துவிட்டார். வாயைப் பார்த்தே பாட்டைப் படிக்கிறவர், நெற்றியைப் படிக்க மாட்டாரா?

சரி, ஒழுங்காகச் செய்வோம் என்று நானே இறங்கினேன். ஹெட்போனை ஓட்டுகிற அளவு சத்தத்தை அவ்வளவு தூரம் மெல்லிய ஒயரில் தள்ளினால் வழியிலேயே தேய்ந்துபோகும். அதனால் மிக்சரில் இருந்து சன்னமான சிக்னலை மட்டும் அனுப்பி, கட்டில் பக்கத்தில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வைத்து அங்கே பெரிதாக்குவது என்று முடிவு செய்தேன். ஒயருக்குத் தங்கமும் வேண்டாம் வெள்ளியும் வேண்டாம். மேடையில் போடுகிற நல்ல மைக் ஒயர் போதும். உள்ளே இரண்டு இழை, சுற்றிலும் நெருக்கமாகப் பின்னிய செம்பு வலை. வெளி இரைச்சலை வலை தடுக்கும். தடுத்தும் நுழைந்தது இரண்டு இழையிலும் ஒரே மாதிரி நுழையும், மறுமுனையில் ஆம்ப்ளிஃபயர் அதைக் கழித்துவிடும். கரண்டு ஒயர் பக்கமே போகாமல், மதிலின் மறுபுறமாகப் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டேன். அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டு, பீங்கான் வேண்டாமா, பீங்கான் வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மனசு கேட்காமல் வீட்டு வாசலில் மட்டும் ஒரு இன்சுலேட்டரில் சுற்றிக் கட்டினேன். அது ஒன்றும் கெடுதல் செய்யாது.

சனிக்கிழமை சாயந்திரம் சோதித்தோம். கோயில்பிள்ளை, அதாவது கோயிலைத் திறந்து மூடி மணியடிக்கிறவர், மைக்கில் பேசினார். அக்கா ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியது. மூடிய கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்தது. கோயிலில் யாரோ பெஞ்சு நகர்த்துவதுகூடக் கேட்கிறது என்றது. சாமியார் மூக்கை உறிஞ்சுவதும் கேட்கும், நாளைக்குப் பாருங்கள் என்றேன். அக்கா சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து அண்ணன் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். முதுகு எரிந்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் மூன்று பேருமே சந்தோஷமாக இருந்தோம். 

மறுநாள் பூசைக்கு நானும் போய் மிக்சர் பக்கத்தில் உட்கார்ந்தேன், ஏதாவது குறை இருந்தால் திருக. நானும் ஒரு ஹெட்போன் மாட்டியிருந்தேன். அக்காவுக்கு என்ன போகிறதோ அதுதான் எனக்கும். அண்ணன் வழக்கம்போல முதல் பெஞ்சில். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் என்பதால் பாட்டெல்லாம் மெதுவாக இருந்தது. ஒரு குறையும் இல்லை. சாமியார் பிரசங்கம் முடித்தார். ஒரு பெண் எழுந்து வந்து மன்றாட்டுகளை வாசித்தாள். திருச்சபைக்காக, ஆட்சியாளர்களுக்காக, மழைக்காக. ஒவ்வொன்றுக்கும் சனங்கள் எல்லோரும், ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றார்கள். அப்புறம் அந்தப் பெண் வாசித்தாள்.

"புற்றுநோயின் இறுதிக் கட்டத்தில் துன்புறும் எங்கள் பங்கு ஆலயத்தின் பாடகி சகோதரி அன்னமேரிக்கு நல்ல மரணத்தைத் தந்து, வேதனையின்றி உம்மிடம் அழைத்துக்கொள்ள வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

என் கை மிக்சருக்குப் போனது. போய் என்ன செய்ய? போன சொல் போனதுதான். மறுநொடி சனங்கள் பதில் சொன்னார்கள். அத்தனை குரலுக்கும் மேலே ஒரு குரல் தனியாக என் காதில் இடித்தது. காது கேட்காதவர்கள் கத்தித்தான் பேசுவார்கள். அதுவும் பாட்டு மைக்குக்கு எதிரே உட்கார்ந்து. எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று பிலோமின்ராஜ் அண்ணன் கை கூப்பி, கண்ணை மூடி, தொண்டை நரம்பு புடைக்கச் சொன்னார். என்ன வாசித்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர்கள் வாய் அசைந்தால் இவரும் சொல்வார், அவ்வளவுதான்.

பூசை முடிந்ததும் அந்தப் பெண்ணைப் போய்ப் பிடித்தேன். கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். அவள் மிரண்டுபோய்ச் சொன்னதில் இருந்துதான் எனக்கு விஷயம் விளங்கியது. அண்ணனேதான் ஒரு மாதத்துக்கு முன், அக்கா போனில் பூசை பார்ப்பதை நிறுத்திய பிறகு, சாமியாரிடம் போய், பூசையில் என் பெண்டாட்டி சுகமாக வேண்டும் என்று சனங்களை வேண்டிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். நோயின் பேரைச் சொல்லித்தான் வேண்ட வேண்டும், டாக்டரிடமே நோவை மறைக்கக் கூடாது, ஆண்டவரிடம் மறைக்கலாமா என்றும் அண்ணனே சொன்னாராம். அப்படியே சில வாரம் வாசித்திருக்கிறார்கள். பிறகு நிலைமை முற்றியது தெரிந்து, சுகம் கேட்பதை விட்டு நல்ல மரணம் கேட்பதாக மாற்றியிருக்கிறார்கள். அவர்கள் வழக்கத்தில் அது கெட்ட வேண்டுதல் இல்லையாம். அண்ணனும் ஒவ்வொரு ஞாயிறும் முதல் ஆளாகப் பதில் சொல்கிறாரே, அவருக்கும் சம்மதம் என்று நினைத்துவிட்டார்களாம். வீட்டில் அக்காவுக்குத் தெரியாது என்பதும், ஒயரில் இதெல்லாம் போகும் என்பதும் அவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. அண்ணனுக்கும் தோன்றவில்லை. அந்த ஒயர் அவருக்குப் பாட்டு போகிற ஒயர். நேற்றுவரை அதில் சொல் எதுவும் போகவும் இல்லை.

சந்தில் நடக்கும்போது அண்ணன் என் தோளில் கை போட்டுக்கொண்டு, பாட்டு நன்றாகப் போயிருக்கும் இல்லையா என்று கேட்டார்.   வழியில் நின்று அக்காவுக்குப் பிடிக்கும் என்று இடியாப்பம் வாங்கினார்.

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அது தானாக எழுந்து உட்கார்ந்து பல நாள் ஆகியிருந்தது. ஹெட்போன் மடியில் கிடந்தது. அழுது முடித்த முகம்.

"ஒயரு நல்ல ஒயரு தம்பி. தெளிவா கேட்டுச்சு" என்றது என்னிடம். குரல் எழும்பவே இல்லை.

உதடு அசைவதைப் பார்த்து அண்ணன் முகம் மலர்ந்தது. நன்றாக இருந்ததாமா என்று என்னைக் கேட்டார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டு என்னிடம் பேசியது.

"எனக்கு என்னா நோவுன்னு கேட்டுச்சு. நல்ல சாவு குடுங்கன்னு கேட்டுச்சு. கேட்டருளும்னு எல்லாருக்கும் முன்னாடி இவரு கொரலு வந்துச்சு. இவருமா தம்பி?"

 இல்லைக்கா, அவருக்குத் தெரியாது, அவர் சுகமாக வேண்டும் என்றுதான் கேட்டார், நடுவில் மாற்றிவிட்டார்கள், அவர் காதில் அது விழவில்லை என்று என்னென்னவோ குளறினேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டது. நம்பியது என்றுதான் நினைக்கிறேன். முப்பது வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அவரைத் தெரியாதா? நம்பியும் என்ன ஆகப்போகிறது. நோய் நோய்தானே.

அண்ணன் என் முகத்தையும் அக்கா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இடியாப்பப் பொட்டலம் கையிலேயே இருந்தது. என்ன ஆனது என்று கேட்டார். வேறு வழியில்லாமல் அவர் வலது காதில் வாயை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கோயிலில் வாசித்ததை, மாற்றியதை, அவர் பதில் சொன்னதை, அக்கா கேட்டதை. பாதி கேட்காமல் திரும்பக் கேட்டார். அதையும் திரும்பச் சொன்னேன். அந்த மனுசன் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நான் நீ சொகமாவணும்னுதான் கேட்டேன், அன்னம். சத்தியமா அதத்தான் கேட்டேன்."

அக்கா கையை நீட்டி அவர் தலையைத் தொட்டது. தலைமுடிக்குள் விரலை விட்டுக்கொண்டே ஏதோ சொன்னது. எனக்கே பாதிதான் கேட்டது. அண்ணன் நிமிர்ந்து உதட்டைப் பார்த்தார். புரியவில்லை. பாட்டில் வருகிற சொல் என்றால் புரிந்திருக்கும். இது அந்த உதட்டில் அவர் அதுவரை பார்க்காத சொல். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அக்காவும் சொன்னது. அதற்கு அவ்வளவுதான் சத்தம் இருந்தது.

"என்னா சொல்றா, கொளஞ்சி? சொல்லுப்பா."

எத்தனையோ சாவை மைக்கில் அறிவித்திருக்கிறேன். திருவிழாவில் தொலைந்த பிள்ளைகளைக் கூவியிருக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புருசன் பெண்டாட்டி நடுவில் நான் யார்? ஆனால் அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை. அக்காவும் என்னைப் பார்த்துத் தலையாட்டியது. குனிந்து அண்ணன் காதில் வாயை வைத்து, அடித்தொண்டையில் இருந்து கத்தினேன்.

"சாவ பயமா இருக்குதாம்ணே."

அண்ணன் எழுந்து கட்டிலில் ஏறி அக்காவை ஒட்டி உட்கார்ந்தார். தன் வாயை அக்காவின் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, சந்தில் போனவர்கள் நின்று திரும்பிப் பார்க்கும்படி, "எனக்கும்தான் அன்னம்" என்றார்.